நின்று போகாத பொம்மை

டிசம்பர் பிறந்துவிட்டால் குளச்சல், மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, முட்டம் என்று இந்தக் கடலோரம் முழுக்கக் கிறிஸ்துமஸ் குடில் வேலை ஆரம்பம். வைக்கோலைப் பரப்பி சுரூபங்களை வைத்துவிட்டுப் போனால் இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே ஏதாவது அசைய வேண்டும். கிணற்றில் வாளி இறங்க வேண்டும், கொல்லன் சம்மட்டியை ஓங்க வேண்டும், ராஜாக்களின் ஒட்டகம் தலையாட்ட வேண்டும். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் அசையும் சிற்பம் என்று தனி மண்டபம் ஒதுக்கி வைத்திருக்கும் கலையைத்தான் நம் பையன்கள் பள்ளி விடுமுறையில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கற்றுக்கொள்ளப் பெரிய செலவில்லை. ஆக்கர் கடையில் எடைக்குப் போட்ட டேபிள் ஃபேன் ஒன்று போதும். பின்மூடியைக் கழற்றுங்கள். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் தண்டின் முனையில் திருகாணி போல மரை வெட்டியிருக்கும். அது பல்சக்கரங்களைத் தள்ள, வேகம் படிப்படியாக நாலைந்து சுற்றாக இறங்கிவிடும். கடைசிச் சக்கரத்தில் மையம் விலகி ஒரு பட்டை மாட்டியிருப்பார்கள். சுற்று ஆட்டமாக மாறும் இடம் அதுதான். இறக்கையைக் கழற்றிவிட்டு, சுற்றும் தண்டில் இல்லாமல் ஆடும் மோட்டார் கூட்டின் மேல் ஒட்டகத் தலையை வைத்தால் 'இல்லை, இல்லை' என்னும். மோட்டாரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பொருத்தினால் 'ஆமாம்' போடும்.

இதே மரைச்சக்கர வித்தையை வைத்து அமெரிக்கச் சிற்பி ஆர்தர் கேன்சன் ஒரு விஷமம் செய்தார். ஒவ்வொன்றும் வேகத்தை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைக்கும் 12 ஜோடிச் சக்கரங்களை வரிசையாகக் கோர்த்தார். கடைசிச் சக்கரம் ஒரு முறை சுற்றி முடிக்க 2 லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனால் அதை கான்கிரீட்டில் புதைத்தே விட்டார். மறுமுனையில் மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது!

மோட்டாரே வேண்டாம் என்றவர் அலெக்ஸாண்டர் கால்டர். இயந்திரப் பொறியியல் படித்தவர். 1930களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்தும் செய்து பார்த்து, பிறகு பெரும்பாலும் காற்றிடமே விட்டுவிட்டார். 1955-ல் கீரா சாராபாயின் அழைப்பில் அகமதாபாத் வந்து தங்கிப் பல சிற்பங்கள் செய்துவிட்டுப் போனார். அவர் பாணியில் தொங்கும் சிற்பம் செய்ய நம் ஊரில் சாமான் தேடி அலைய வேண்டாம். தங்கூஸ் நூல் இருக்கிறது, தூண்டில்காரர்கள் முறுக்கு விழாமலிருக்க மாட்டும் ஸ்விவல் இருக்கிறது. கீழ்க் கம்பியிலிருந்து தொடங்கி மேலே கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு கம்பியும் எந்தப் புள்ளியில் சமமாக நிற்கிறதோ அங்கே முடிச்சு. மேலிருந்து தொடங்குகிறவர்கள் ஆயுசுக்கும் முடிக்க மாட்டார்கள்.

எல்லாம் சரி. என் கவலை செய்வதில் இல்லை. செய்தது எத்தனை நாள் ஓடும் என்பதில்தான்.

வேறு எந்த ஊரையும் விட மணவாளக்குறிச்சியில் இந்தக் கேள்வி கடுமையானது. இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் இந்தக் கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் எல்லாம் கலந்த மணல் இது. கார்னெட் வேறெங்கும் உப்புத்தாள் செய்ய ஆகிறது. சிர்கானும் இரும்பைக் கீறும். அப்படிப்பட்ட மணல் பறக்கும் தெருவில் பேரிங்குக்கு கிரீஸ் தடவினால் என்ன ஆகும்? மணல் கிரீஸில் ஒட்டும். ஒட்டியது அரைக்கும். ஒர்க்‌ஷாப்பில் வால்வு தேய்க்கும் பேஸ்டை நாமே தயாரித்து, நாமே உள்ளே பூசியதாக முடியும். இந்தக் கரை மணலில் நல்ல காந்தத்தை விட்டு எடுத்தால் கருமணல் ஒட்டிக்கொண்டு வரும் என்பது சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். பழைய காரிலிருந்து கழற்றும் வைப்பர் மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தானே! இது போதாதென்று உப்புக்காற்று வேறு.

மோட்டார் கட்சிக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு: கிறிஸ்துமஸ் ராத்திரி காற்று அடிக்காவிட்டால் ஒட்டகம் எப்படித் தலையாட்டும் என்பார்கள். இருக்கட்டும்.

கடற்கரையில் ஓடும் சிற்பத்துக்கு உருப்படியான வழி காட்டியவர் நெதர்லாந்தின் தியோ யான்சென். 1990 முதல் ஷெவெனிங்கன் பக்கத்துக் கடற்கரையில், வயரிங்குக்குப் போடும் மஞ்சள் பிவிசி குழாய்களால் மிருகங்கள் செய்கிறார். காற்று தள்ள அவை நடக்கின்றன. சக்கரம் மணலில் புதையும் என்பதால் கால்கள். ஒரு காலின் அளவுகள் மொத்தம் 11 எண்கள். கணினியில் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்துத் தேடி எடுத்தவை. பாதம் தரையில் நேர்கோடாக நகர்ந்து, பிறகு தூக்கி, மறுபடி ஊன்றும். அந்த எண்களை ஒளித்து வைக்காமல் வெளியிட்டும் விட்டார்; ஒரு மீட்டர் குழாயும் ரம்பமும் வைத்திருக்கிற எவரும் அறுத்துப் பார்க்கலாம். எனக்கு அவரிடம் பிடித்தது மூட்டு. குழாய்க்குள் குழாய், அவ்வளவுதான். துருப்பிடிக்க அங்கே இரும்பில்லை.

நம் பனையோலைக் காற்றாடிக்கு உடைமுள்ளை அச்சாகக் குத்தியவர்களும் இதைத்தான் செய்தார்கள். முள் துருப்பிடிக்காது, தேய்ந்தால் வேறு முள். ஆனியிலும் ஆடியிலும் கச்சான் அடிக்கும்போது அந்தக் காற்றாடி சுற்றுகிற வேகத்துக்கு எந்த வைப்பர் மோட்டாரும் நிற்காது. நைலான் புஷ், பிவிசி, தங்கூஸ், முள் என்று எண்ணெய் கேட்காத சாமானில் செய்யுங்கள் என்பதுதான் நான் கடலோரப் பையன்களுக்குச் சொல்வது. இரும்பு வேண்டவே வேண்டுமென்றால், கழற்றித் துடைக்கும்படி போல்ட் போட்டு மாட்டுங்கள். வெல்டிங் வைத்தால் முதல் ரிப்பேர்தான் கடைசி ரிப்பேர்.

ஏனென்றால் ஓடாமல் நிற்கும் அசையும் சிற்பத்தைப் போலக் கண்றாவி வேறில்லை. கல் சிற்பம் மூக்குடைந்தாலும் சிற்பம்தான். சுற்ற வேண்டியது சுற்றாவிட்டால் வெறும் ஆக்கர். பூங்காக்களில் திறப்புவிழா அன்று ஆடிய பொம்மைகள் எத்தனை இன்றைக்கு ஆடுகின்றன? செய்தவருக்குச் சால்வை போடுகிறோம், வருஷா வருஷம் கழற்றித் துடைப்பவருக்கு ஒரு டீ வாங்கித் தருவதில்லை. சிற்பி ஜான் டிங்குலி 1960-ல் நியூயார்க்கில் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்றை ஓடவிட்டார். அரை மணி நேரத்துக்குள் கதை முடிந்தது. அது திட்டம் போட்டுச் செய்த சாவு. யான்சென்கூடத் தன் மிருகத்தின் காலம் முடிந்ததும் அது அழிந்த இனம் என்று அறிவித்துவிடுகிறார். நம்முடையவை கேட்பாரில்லாமல் நிற்கின்றன.

குடில் போட்டிக்கு மார்க் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கிறிஸ்துமஸ் ராத்திரி எல்லா ஒட்டகமும் தலையாட்டத்தான் செய்யும். மார்க்கை அப்போதே போட்டு முடிக்காமல், மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று இன்னொரு சுற்று வந்து பார்க்கட்டும். அப்போதும் ஆடுகிற ஒட்டகத்துக்கு முதல் பரிசு.