இரு முனைகளின் உடன்பாடு



தாமலிலிருந்து கிழக்கு நோக்கிச் சிறிது தொலைவு சென்றால் காஞ்சி மாநகரை அடைவோம். அங்கே கோர்வைப் பட்டுச் சேலை நெய்யும் தறியை உங்களிற் பலர் கண்டிருக்கக்கூடும். சேலையின் உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் அதில் ஓடுகின்றன. நெசவாளரும், கரை நாடாவை எறியும் துணையாளும் ஒரே முறைப்படி இயங்கினால்தான் உடலும் கரையும் பிணையும். ஒருவர் மட்டும் முறையை மாற்றுவாராயின், புதிய முறை எத்துணைச் சிறந்ததாயினும், பிணைப்பு கெடும். இதனை நெஞ்சில் இருத்தித் தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த நாட்களை நோக்குவோம்.

இந்தியப் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கிற்று. கணிப்பொறியின் குறிகளைத் தொலைபேசிக் கம்பி ஏந்தும் ஒலிகளாக மாற்றவும், வந்த ஒலிகளைக் குறிகளாக மீட்கவும் உதவிய கருவியே மோடம். வீட்டில் ஒன்றும் சேவை நிலையத்தில் ஒன்றும் இருந்தன. இணைப்பின் தொடக்கத்தில் எழுந்த கீச்சொலியும் இரைச்சலும் வீண் ஓசையல்ல. 'எம்முறையில், எவ்வேகத்தில் பேசுவோம்?' என்று இரு கருவிகளும் உடன்பாடு கண்ட பேச்சே அது.

1997-ஆம் ஆண்டில், நொடிக்கு 56,000 பிட்டுகள் வரை பெறத்தக்க இரு முறைகள் போட்டியிட்டன. ஒன்று யு.எஸ். ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்2; மற்றொன்று ராக்வெல், லூசென்ட் நிறுவனங்களின் கே56ஃபிளெக்ஸ். ஒன்றன் மொழி மற்றொன்றுக்கு விளங்காது. முறை வேறுபட்டால், இரண்டும் அறிந்த பழைய முறைக்கு இறங்கி, 33,600 பிட்டுகளோடு அமைய நேரிட்டது. 1998-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வி.90 என்னும் பொது விதியை வகுத்துப் பூசலைத் தீர்த்தது. பல மோடங்களில், கருவியை உள்ளிருந்து இயக்கும் நிரலாகிய நிலைபொருளை மாற்றி எழுத இயலுமாதலின், புதுக் கருவி வாங்கும் தேவையும் அவற்றிற்கு இல்லை.

ஆயினும் இங்கேதான் இடர் பிறந்தது. சில மோடங்களின் சிறிய நினைவகத்தில் பழைய முறை, புதிய முறை ஆகிய இரண்டிற்கும் இடமில்லை. சேவை நிலையம் மாறுமுன் வீட்டுக்காரர் புதியதை எழுதிக்கொண்டால், நேற்றிருந்த வேகத்தையும் இழந்தார். நிலையம் முந்திக்கொண்டு பழைய முறையைக் கைவிட்டாலும் அதே இழப்பு. பொது விதியையே வெவ்வேறு நிறுவனத்தார் சிறிது வேறுபட எழுதியமையால், சிலவிடங்களில் பேச்சு முற்றுப்பெறாமலே இணைப்பு அறுந்தது. மறுமுனை அழைப்பை ஏற்றுவிட்டமையால், பயனற்ற முயற்சிக்கும் தொலைபேசிக் கட்டணம் ஏறிற்று. புதிய முறையை நிறுத்திவைக்கும் கட்டளையைக் கணிப்பொறி வழியே மோடத்திற்கு அனுப்பி, குறைந்த வேகத்தில் நிலையான இணைப்புப் பெற்றோரும் உண்டு.

இதனால் நாம் அறிவது யாது? செம்மை என்பது ஒரு கருவியின் தனிச் சிறப்பன்று. இரு முனைகளின் உடன்பாடு. புதியதை எழுதுவோர் பழையதற்கும் ஒரு வழி விடல் வேண்டும். இல்லையேல் மாற்றத்தின் விலையை, மாற வாய்ப்பில்லாத எளியவரே செலுத்துவர். இன்று நம் கைப்பேசிகளும் அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன. நாளை அவற்றிற்கு நிரல் எழுதப்போகும் மாணவர்களே, 'என் கருவி இயங்குகிறதா?' என்பதோடு நில்லாது, 'மறுமுனையில் இருப்பவர் யார்?' என்றும் கேளுங்கள். தறியில் இருவர் கைகளும் இசைந்தால்தான் சேலை உருவாகும்.