ஊசியும் தட்டும் – 9: கருவி வந்தது, அறை வரவில்லை

1950களில் இங்கிலாந்தில் செய்த ஸ்பீக்கர் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்குகிறவருக்கு அதில் பாதிதான் கைக்கு வருகிறது. மீதிப் பாதி அது ஒலித்த அறை. அது பிராட்ஃபோர்டிலோ லண்டனிலோ யாரோ ஒருவர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

வால்வு ஆம்ப்ளிஃபயர் பற்றிச் சென்ற வாரம் எழுதியதும், இ.எல்.34 வால்வு நல்லதா கே.டி.66 வால்வு நல்லதா என்று பலர் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் அறையைப் பற்றிப் பேசியாக வேண்டும். பழைய கருவிகளை இவ்வளவு பிரியமாக வாங்கிச் சேர்க்கும் நம் ஊர் ரசிகர்கள், அவற்றை வைக்கும் அறையைக் கவனிக்காமல் விடுவதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

அந்தக் காலத்து வார்ஃப்டேல், டேனாய் ஸ்பீக்கர்கள் போய்ச் சேர்ந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். பலகைத் தரை, அதன்மேல் கம்பளம், ஜன்னலுக்குக் கனத்த திரை, ஸ்பிரிங் வைத்த சோபாக்கள், சுவரோரம் புத்தக அலமாரி. ட்ரெபிளின் கூர்மையைக் கம்பளமும் சோபாவும் வாங்கிக்கொள்ளும். பலகைத் தரை தானும் லேசாக அதிர்ந்து பேஸில் கொஞ்சத்தைக் கரைத்துவிடும். இவ்வளவும் நடக்கும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் ஸ்பீக்கரின் குரலை அமைத்தார்கள். நம் அறையில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. ட்ரெபிள் எங்கே பட்டாலும் திரும்பி வருகிறது. பேஸுக்கு வெளியேற வழியே இல்லை. அதே ஸ்பீக்கர் இங்கே மேலே கூச்சலும் கீழே இரைச்சலுமாக ஒலிக்கிறது. உடனே, ட்வீட்டர் காதைக் குத்துகிறது என்று கண்டன்சரை மாற்றுகிறார்கள், கேபிளை மாற்றுகிறார்கள், கடைசியில் ஸ்பீக்கரையே விற்றுவிடுகிறார்கள்.

அறையின் ஒலியைக் கணக்காக்கியவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் ஒரு விரிவுரைக் கூடம் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பேராசிரியர் பேசினால் ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பல சொற்கள் வந்து மோதும். யாருக்கும் ஒன்றும் விளங்காது. இதைச் சரிசெய்யும் பொறுப்பு இயற்பியல் துறையின் இளம் ஆசிரியரான சபைனிடம் வந்தது. ஓர் ஆர்கன் குழல், ஒரு கடிகாரம், தன் இரண்டு காதுகள், இவைதாம் அவருடைய கருவிகள். பகலில் தெருச்சத்தம் இருக்கும் என்பதால் இரவில்தான் சோதனை. பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து பரப்புவார். குழலை ஊதி நிறுத்தி, ஓசை எத்தனை விநாடியில் காதுக்குக் கேட்காமல் போகிறது என்று குறிப்பார். இன்னும் சில மெத்தைகளைச் சேர்ப்பார், மறுபடி குறிப்பார். விடிவதற்குள் எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் போட்டாக வேண்டும். வெறும் கூடத்தில் ஓசை ஐந்தரை விநாடி நின்றது.

ஒலியை விழுங்கும் திறனுக்கு அவர் வைத்த அலகு எனக்கு மிகவும் பிடித்தது: திறந்த ஜன்னல். திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்புவதில்லை. ஆகவே ஒரு சதுர அடி மெத்தை எவ்வளவு சதுர அடி திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் எளிமையானது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்தத் 'திறந்த ஜன்னல்' சதுர மீட்டரால் வகுத்தால், ஒலி பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எத்தனை விநாடி ஆகும் என்பது கிடைக்கும். இந்தக் கணக்கை வைத்து எழுந்ததுதான் 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பனி ஹால். உலகின் மிகச்சிறந்த இசையரங்குகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

திறந்த ஜன்னல் என்றதும் எனக்கு முற்றம் வைத்த வீடுகள் ஞாபகத்துக்கு வருகின்றன. வானம் தெரியும் முற்றத்தைவிடப் பெரிய திறந்த ஜன்னல் எது? தாழ்வாரத்து மரத்தூண், மர உத்தரம், ஓட்டுக்கூரை, இவற்றுக்கு நடுவே ஒரு வால்வு ரேடியோ பாடினால் குரல் இழையாமல் தெளிவாக வரும். அந்த ரேடியோவை எடுத்து வந்து அடுக்குமாடி ஹாலில் வைத்துவிட்டு, பழைய இனிமை போய்விட்டது என்று வருந்துகிறோம். ரேடியோ மாறவில்லை.

எங்கள் வீட்டு மாடியறை 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். சுமார் 54 கன மீட்டர். வெறும் அறையாக இருந்தபோது, சபைன் கணக்குப்படி, ஓசை அடங்க 3 விநாடிக்கு மேல். வீட்டில் இசை கேட்க 0.3 முதல் 0.5 விநாடி போதும். 0.4 என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 235 சதுர அடி திறந்த ஜன்னல் வேண்டும். அதாவது முன்சுவர், பின்சுவர் இரண்டையும் முழுக்க இடித்துத் தள்ளினால் கிடைக்கிற திறப்பு. இடிக்க முடியாது. ஆனால் அந்த அளவுக்கு ஒலியை வாங்கும் பொருளை உள்ளே கொண்டுவர முடியும்.

அதற்குமுன் பேஸின் தொல்லையைப் பார்த்துவிடலாம். நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை மிகவும் பிரசித்தம். உயரமும் பத்தடி என்றால் அது ஒலிக்கு மிக மோசமான பெட்டி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது, அந்தத் தூரத்துக்குப் பொருந்தும் அதிர்வெண் மட்டும் வீங்கும். பத்தடிக்கு அது சுமார் 57 ஹெர்ட்ஸ், அடுத்து 114. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியே என்றால் மூன்றும் அதே இடத்தில் சேர்ந்து வீங்குகின்றன. ஒரு கட்டையில் பாடுகிற ஆண் பாடகர் கரகரப்பிரியாவில் கீழே இறங்கி மந்திர ஸ்தாயி கைசிகி நிஷாதத்தைத் தொட்டால், அது சுமார் 116 ஹெர்ட்ஸ். அந்த ஒரு ஸ்வரம் மட்டும் அறையெங்கும் முழங்கும். அடுத்த தைவதத்துக்கு வந்தால் அடங்கிவிடும். பாடகர் அப்படிப் பாடவில்லை. இளையராஜா பாட்டுகளின் பேஸ் கிட்டாரைக் கேட்டுப் பாருங்கள், இன்னும் துலக்கமாகத் தெரியும். நடந்து போகும் அந்த வரியில் ஒரு சுரம் இடிக்கும், இன்னொன்று காணாமல் போகும். ராஜாவின் பேஸ் வரிகள் தனியாகவே ஒரு பாட்டாக நிற்கக்கூடியவை. அவற்றை இப்படிக் கேட்பது பெரிய இழப்பு.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு: 1971இல் லௌடன் என்பவர் பல விகிதங்களைக் கணக்கிட்டு, உயரம் 1 என்றால் அகலம் 1.4, நீளம் 1.9 என்பதை முதலிடத்தில் வைத்தார். பத்தடி உயரத்துக்கு 14க்கு 19. மனை இடம் கொடுத்தால் மேஸ்திரியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இருக்கும் அறையோடு வாழ்கிறவர்கள் மூலைகளிலிருந்து தொடங்க வேண்டும். பேஸ் வந்து கூடுமிடம் மூலைதான்.

முட்டை அட்டை ஒட்டினால் ஸ்டூடியோ ஆகிவிடும் என்ற நம்பிக்கை எப்படியோ ஊருக்கு ஊர் பரவியிருக்கிறது. அந்த அட்டையால் பேஸுக்கு ஒன்றும் நேராது, அடுத்த வீட்டுக்குப் போகும் சத்தமும் நிற்காது. தெர்மாகோலும் அப்படித்தான். மெல்லிய திரையும் ஒரு ஜமக்காளமும் மட்டும் போட்டால் ட்ரெபிள் அடங்கிவிடும், பேஸ் அப்படியே நிற்கும். அறை மந்தமாகிவிட்டது என்று பலர் சொல்வது இதைத்தான். கனம் வேண்டும், பருமன் வேண்டும். நான்கு அங்குல ராக்வூல் பலகை நல்லது. வெட்டும்போது கையுறையும் முகத்துக்குத் துணியும் கட்டாயம். பரணில் கிடக்கும் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி, தரையிலிருந்து கூரைவரை மூலையில் அடுக்கி நிறுத்துவதும் நன்றாகவே வேலை செய்கிறது. எங்கள் அறையின் பின்மூலை இரண்டிலும் அவைதான் நிற்கின்றன. மழைக்காலம் முடிந்ததும் வெயிலில் போட்டு எடுக்காவிட்டால் பூசணம் பிடிக்கும்.

பக்கச் சுவரில் எங்கே சட்டம் மாட்டுவது என்பதற்குக் கண்ணாடி வழி ஒன்று உண்டு. ஆசாரி நான்கடிக்கு இரண்டடியில் மரச்சட்டம் அடித்து, உள்ளே ராக்வூல் வைத்து, காடாத் துணியை இழுத்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். நான் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு வைத்து நகர்த்திக்கொண்டே போனார்.

“தெரியுதுங்களா?”

“இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளுங்கண்ணா. இன்னும்… அங்கதான், நில்லுங்க.”

கண்ணாடியில் ஸ்பீக்கரின் முகம் தெரிகிற இடம்தான் ஒலி முதலில் பட்டுத் தெறிக்கும் இடம். பென்சிலால் கோடு போட்டார். எதிர்ச்சுவரிலும் கூரையிலும் அப்படியே. கோடு போட்ட இடங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்: “எதுக்குங்க அளந்துட்டு? செவுரு பூராவும் அடிச்சுட்டா வேலை முடிஞ்சுதுங்களே.”

நியாயமான கேள்வி. பூராவும் அடித்தால் அறை செத்துவிடும். நாதஸ்வரத்தைச் செத்த அறையில் கேட்டால் வெறும் சீவாளியின் கீச்சு மட்டும் மிஞ்சும். கல்மண்டபத்துக்கும் திறந்த வீதிக்கும் பிறந்த வாத்தியம் அது. சுற்றிலும் கொஞ்சம் உயிர் இருக்க வேண்டும். ஆகவே தெறிக்கும் இடங்களிலும் மூலைகளிலும் மட்டும் ராக்வூலும் மெத்தையும். பின்சுவரில் புத்தக அலமாரி. புத்தகங்கள் ஆழம் மாறி மாறி நிற்பதால் ஒலி ஒரே திசையில் திரும்பாமல் சிதறுகிறது. தரையில் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு பவானி ஜமக்காளம், அடியில் கனமான விரிப்பு. ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். வெறும் அறையில் தட்டலின் வாலில் ‘கிர்ர்’ என்று ஒரு உலோக நடுக்கம் ஒட்டியிருக்கும். அது போனால் பாதி வேலை முடிந்தது.

பழைய ஸ்பீக்கர்களில் சில, அறையைத் தம் உறுப்பாகவே சேர்த்துக்கொண்டவை. அமெரிக்காவின் ஆர்கன்ஸாவில் ஹோப் என்ற சிற்றூரில் 1946இல் பால் கிளிப்ஷ் தொடங்கிய கிளிப்ஷ்ஹார்ன், மூலையில் நின்றால்தான் முழுமை பெறும். பேஸ் ஹார்னின் கடைசிப் பகுதி அந்த இரண்டு சுவர்களே. நம் வீடுகளிலோ சுவரை மிச்சப்படுத்தக் கதவை மூலையிலேயே வைத்துவிடுகிறோம். பீட்டர் வாக்கர் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் இதற்கு நேர்மாறு. முன்னும் பின்னும் ஒலிக்கும் மெல்லிய தகடு அது. பின்னால் சில அடி வெற்றிடம் வேண்டும். இந்த இரண்டில் எதை வாங்கினாலும் முதலில் டேப் எடுத்து மூலைகளை அளந்துவிட்டு வாங்குங்கள்.

இடம் சரியா என்று பார்க்க நம்மிடம் அருமையான சோதனை ஒன்று இருக்கிறது. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1958இல்தான். நம் பழைய திரைப்பாட்டுத் தட்டுகள் மோனோ. பி. சுசீலாவின் அறுபதுகளின் தட்டு ஒன்றை இரண்டு ஸ்பீக்கரிலும் ஓடவிடுங்கள். குரல் இரண்டுக்கும் நடுவே, ஒரே புள்ளியில், ஆள் நிற்கும் உயரத்தில் வந்து நிற்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தாலோ அகன்று மங்கினாலோ, ஸ்பீக்கரை அரையங்குலம் அரையங்குலமாக நகர்த்த வேண்டும். பொறுமையான வேலை. ஒரு விடுமுறை நாளை முழுசாக அதற்குக் கொடுத்துவிடுங்கள். அந்தக் குரல் நடுவில் வந்து நின்ற கணத்தில், பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டும் அறையில் இருப்பதே மறந்துபோகும்.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். சோபாவைச் சுவரில் சாய்த்துப் போடும் வழக்கம் நமக்கு. அங்கேதான் பேஸ் வீங்கியிருக்கும். நட்ட நடுவிலும் வேண்டாம், அங்கே அடித்தொனியின் ஒரு பகுதி காணாமல் போகும். 16 அடி நீள அறையில் பின்சுவரிலிருந்து ஆறடி முன்னால் வந்து உட்கார்வது நல்ல தொடக்கம்.

டர்ன்டேபிள் விஷயத்தில் நம் வீடுகள் பாக்கியம் செய்தவை. மேலைநாட்டு ரசிகர்கள் பலகைத் தரையில் நடந்தாலே ஊசி துள்ளுகிறது என்று அவதிப்படுகிறார்கள். காரார்டு 301 வைத்திருப்பவர்கள் அதற்குக் கல்லில் அடித்தளம் செய்துகொள்கிறார்கள். நமக்குக் கான்கிரீட் தரை. சுவரை வெட்டிக் கடப்பா கல்லைச் செருகித் தட்டு வைக்கிற கொத்தனார் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். சமையலறைக்கு வைப்பது போலவே, ஒன்றரை அங்குலக் கல், நீர்மட்டம் பார்த்து வைத்தால் அதைவிட உறுதியான மேடை வேறில்லை. அதை மூலையில் வைக்கக்கூடாது. அங்கே கூடும் பேஸ் ஊசியை அசைத்து, அது ஆம்ப்ளிஃபயருக்குள் போய் மறுபடி ஸ்பீக்கரில் வந்து, ஊளையிடத் தொடங்கிவிடும். பக்கச் சுவரின் நடுப்பகுதி ஏற்றது.

வெளிச்சத்தம் தனிக்கதை. மேலே சொன்ன ராக்வூலும் மெத்தையும் தெரு ஹாரனைத் தடுக்காது. அதற்கு வேண்டியது இடைவெளி அடைப்பது: கனமான கதவு, சுற்றிலும் ரப்பர் பீடிங், கதவுக்கடியில் தெரியும் அரையங்குல வெளிச்சத்தை மறைப்பது. ஒன்பது அங்குலச் சுவர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மின்விசிறிதான் கடைசிச் சிக்கல். மெல்லிய ஆலாபனையில் தம்புராவின் இழையைச் சீலிங் ஃபேன் மூடிவிடுகிறது. வால்வு ஆம்ப்ளிஃபயரோ பக்கத்தில் ஓர் அடுப்பை வைத்ததுபோல் சுடும். சித்திரையில் இரண்டும் சேர்ந்தால் உட்கார முடியாது. அரைமணி முன்னதாக ஏசி போட்டு அறையைக் குளிரவைத்து, தட்டை வைக்கும்போது நிறுத்திவிடுவதுதான் நான் கைக்கொள்ளும் வழி. ஒரு எல்பி-யின் ஒரு பக்கம் இருபது நிமிடம் சொச்சம். கான்கிரீட் கூரைக்குமேல் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதித்திருந்தால் அதுவரை குளிர் நிற்கும். திருப்பிப் போட எழும்போது மறுபடி ஏசியைப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் மின்சாரம்: 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென்று செய்த அமெரிக்க டர்ன்டேபிள் நம் 50 ஹெர்ட்ஸில் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது, அதற்கு எந்தப் புல்லியை மாற்ற வேண்டும், ஸ்பீக்கரில் கேட்கும் ‘உம்ம்’ சத்தத்துக்கும் வீட்டு எர்த்துக்கும் என்ன தொடர்பு. இ.எல்.34ஆ கே.டி.66ஆ என்ற கேள்விக்கும் அங்கேதான் பதில்.