நாள் தள்ளிப்போகும் முன்பே

மாதவிலக்கு தள்ளிப்போய், வீட்டிலேயே டெஸ்ட் செய்து பார்த்து, நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் போவதற்குள் கரு உருவாகி மூன்று நான்கு வாரம் ஓடியிருக்கும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய் சுமார் 28 நாளில் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் தேவை. சீட்டு எழுதி வாங்கி முதல் மாத்திரையை விழுங்குவதற்குள் அந்த வேலை முடிந்துபோயிருக்கலாம். அதனால்தான் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். பிறகு 12 வாரம் வரை தொடர வேண்டும். சர்க்கரை நோயோ, வலிப்பு மருந்தோ, முதல் குழந்தைக்குத் தண்டுவடக் குறையோ இருந்தால் அளவு கூடும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கீரை, பருப்பு நல்லவைதான். ஆனால் மாத்திரையின் இடத்தை அவை நிரப்பாது.

கல்யாணமான ஆறாம் மாதமே பெண்ணிடம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கும் உறவினர்கள், மாப்பிள்ளையின் சிகரெட்டைப் பற்றிக் கேட்பதில்லை. விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. இன்று புகையையும் குடியையும் நிறுத்தினால் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அது விந்தணு உற்பத்தியையே முடக்கிவிடும். பார்க்க ஆள் திடமாகத்தான் இருப்பார்.

எடை கூடுதலாக இருந்தால் பட்டினி கிடந்து குறைக்க வேண்டாம். பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 80 கிலோ பெண் நான்கைந்து கிலோ குறைத்தாலே மாதவிலக்கு சீராகி, கருமுட்டை வெளிவர வாய்ப்பு கூடுகிறது. ரத்த அளவு, சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் நான்கையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ரூபெல்லா தடுப்பூசி போட்டால் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் பிரஷர், வலிப்பு மாத்திரைகளில் சில கருவுக்கு ஆகாதவை. அவற்றை நீங்களாக நிறுத்தாமல், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

கரு தங்கியதும் "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று தட்டை நிரப்புவார்கள். முதல் மூன்று மாதம் கூடுதலாக ஒன்றும் தேவையில்லை. மசக்கையில் உள்ளே போவதே பெரிது. அதன் பிறகு நாளுக்குச் சுமார் 350 கலோரி கூடினால் போதும். இரண்டு இட்லி, சாம்பார், ஒரு தம்ளர் பால், அவ்வளவுதான். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதனுடனும் சேர்க்காதீர்கள். சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாக ஒட்டும்.

டாக்டர் தடை சொல்லாதவரை, வாரத்துக்கு 150 நிமிட நடை தாராளமாகப் போகலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது: வேகத்துக்கு அதுதான் அளவு. கணவரும் கூட நடந்தால் இருவருக்கும் லாபம். விழக்கூடிய விளையாட்டுகளும், ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளும் வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். ரத்தக்கசிவு, தண்ணீர் போவது, நெஞ்சுவலி, தலைச்சுற்றல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி இவற்றில் எது வந்தாலும் நடையை அங்கேயே நிறுத்திவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.