வேலூரிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்த ஆசிரியர்

காளிகாட்டில் மெட்ரோ இரயில் ஏறி வடக்கு நோக்கிச் சென்றால் மகாத்மா காந்தி சாலை நிலையம் வரும். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஆம்ஹர்ஸ்ட் தெரு உள்ளது. அத்தெருவிலுள்ள தூய பவுல் கல்லூரியில், 1930ஆம் ஆண்டு ஓர் இளைஞர் பொருளாதாரம் கற்பிக்க வந்தார். அவர் பெயர் மால்கம் ஆதிசேசய்யா. 1910இல் வேலூரில் பிறந்தவர். மாணவர்களே, வங்காளம் ஒலிக்கும் தெருக்களில் தமிழராக வாழ்வது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். அவரும் ஆறு ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்தார்.

பின்னர் இலண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் உயர்கல்வி கற்றார். 1940 முதல் 1946 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக விளங்கினார். 1948இல் யுனெஸ்கோ நிறுவனத்தில் சேர்ந்தார். 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார்.

பொருளாதாரப் பேராசிரியருக்குக் கல்வித்துறையில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். கல்விக்குச் செலவிடும் பணம் வெறும் செலவன்று. அது கிணறு வெட்டுவதைப் போன்ற முதலீடு. இன்று வெட்டினால் பல ஆண்டுகள் நீர் தரும். இந்தக் கண்ணோட்டத்துடன்தான் ஆதிசேசய்யா கல்வியை அணுகினார்.

அவர் பதவியில் இருந்தபோது, 1965இல் தெகரான் நகரில் உலக நாடுகளின் கல்வி அமைச்சர்கள் கூடினர். எழுத்தறியாமையை ஒழிப்பது பற்றி ஆராய்ந்தனர். அதன் பின்னர்ப் பதினொரு நாடுகளில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. அத்திட்டம் முதியோருக்கு அகரவரிசையை மட்டும் கற்பிக்கவில்லை. அவர்கள் செய்யும் தொழிலோடு எழுத்தையும் எண்ணையும் இணைத்தது. எடுத்துக்காட்டாக, ஓர் உழவரை எண்ணிப் பாருங்கள். உர மூட்டையில் அச்சிட்டுள்ள அளவை அவரால் படிக்க இயலாவிடில், பிறர் சொல்வதையே நம்ப வேண்டும். கடன் பத்திரத்தில் என்ன எழுதியுள்ளது என்று அறியாமல் கைநாட்டு வைத்தால் நிலமே பறிபோகக்கூடும். ஆதலால் உழவருக்கு உழவுத் தொழிலை ஒட்டியும், ஆலைத் தொழிலாளருக்கு ஆலைப் பணியை ஒட்டியும் பாடங்கள் அமைந்தன. இதனைப் பயன்பாட்டு எழுத்தறிவு என்பர்.

எதிர்பார்த்த பயன் முழுமையாகக் கிட்டவில்லை என்பதையும் கூற வேண்டும். சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினரே நன்கு படிக்கக் கற்றனர். முதியோருக்குக் கற்பிப்பது அத்துணை எளிதன்று.

பாரிசிலிருந்து திரும்பிய ஆதிசேசய்யா ஓய்வு கொள்ளவில்லை. 1971இல் தம் துணைவியார் எலிசபெத்துடன் சேர்ந்து, தம் சொந்தப் பொருளைக் கொண்டு, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். 1994இல் மறைந்தார். அவர் தோற்றுவித்த நிறுவனம் அடையாற்றில் இன்றும் இயங்கி வருகிறது.