புதிய திறமூலத் திட்டத்துக்கு எத்தனை வழிகாட்டிகள் தேவை?

திறமூல மென்பொருள் திட்டத்தில் வழிகாட்டி என்பவர் நிரல் எழுதித் தருபவர் அல்லர். உரிமம் ஒழுங்காக இருக்கிறதா, முடிவுகள் எல்லோரும் காணும்படி எடுக்கப்படுகின்றனவா, புதிதாக வருபவருக்கு இடம் கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல்பவர். அப்படி எத்தனை பேர் வேண்டும்? இதற்கு எண்ணிக்கையாகவே விடை தரும் இடம் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை 2002-இல் தொடங்கிய இன்குபேட்டர். அறக்கட்டளையில் சேர விரும்பும் புதிய திட்டங்கள் முதலில் இங்கேதான் வளர்கின்றன.

அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் எண் மூன்று. காரணம் எளிய கணக்கு. ஒரு வெளியீட்டுக்கு ஒப்புதல் கிடைக்க, இன்குபேட்டர் குழு உறுப்பினர்களின் ஆதரவு வாக்குகள் குறைந்தது மூன்று வேண்டும்; எதிர்ப்பு வாக்குகளைவிட ஆதரவு மிகுந்திருக்கவும் வேண்டும். வாக்கெடுப்பு பொதுவாக 72 மணி நேரமாவது திறந்திருக்கும். வழிகாட்டிகள் அந்தக் குழுவின் உறுப்பினர்கள் என்பதால், மூவரும் விழிப்போடு இருந்தால் திட்டம் வெளியாரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒருவர் வேலை மாறிவிட்டாலோ, நோயுற்றாலோ வாக்குக்காக அலைய வேண்டிவரும். ஆயத்தமான மென்பொருள் அப்படியே காத்துக் கிடக்கும். புதிய குழு உற்சாகம் இழப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான்.

அப்படியானால் ஐந்து, ஆறு பேரைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பட்டியலில் பெயர் கூடக் கூட, ‘மற்றவர் பார்த்துக்கொள்வார்’ என்ற எண்ணமும் கூடும். வழிகாட்டிகள் திட்டத்தின் காலாண்டு அறிக்கையைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். ஆறு பெயர் இருந்தும் ஒரு கையொப்பம்கூட விழாமல் போகலாம். பெயருக்கு இருக்கும் ஆறு பேரைவிட, கேள்வி கேட்டால் இரண்டு நாளில் பதில் தரும் இருவர் மேல்.

நம் பக்கத்து நாட்டிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் சில திட்டங்கள் இவ்வழியே சென்றுள்ளன. இலங்கையின் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் அளித்த ஸ்ட்ராட்டோஸ் 2013-இல் நுழைந்து 2014-இல் முழுத் திட்டமானது. பெங்களூரின் இன்மொபி நிறுவனத்தில் பிறந்த ஃபால்கன் 2013-இலும், லென்ஸ் 2014-இலும் நுழைந்து தேறின. ஆயினும் இம்மூன்றும் பின்னர் ஓய்வுபெற்ற திட்டங்களுக்கான ‘ஆட்டிக்’ பகுதிக்குச் சென்றுவிட்டன. வழிகாட்டிகளால் ஒரு திட்டத்தைத் தேர்ச்சி வரை கொண்டுவர முடியும். அதன் பிறகும் உழைக்கும் கைகளை அவர்களால் உண்டாக்க முடியாது.

தென்சென்னைப் புறநகரில் வேறொரு முறையும் இருந்தது. 2005-இல் இந்திய அரசின் நிதியில் அமைந்த தேசியத் திறமூல மென்பொருள் வள மையம், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையத்தையும் சென்னை சி-டாக்கையும் கொண்டு இயங்கியது. பாஸ் லினக்ஸ் அப்படி வந்ததே. ஊதியம் பெறும் வல்லுநர்கள் இருக்குமிடத்தில் வழிகாட்டி தேடும் கவலை இல்லை.

கோவிலம்பாக்கத்தில் வீட்டிலிருந்து ஒரு தமிழ்ச் சொற்பிழை திருத்தியைத் தொடங்கும் கல்லூரி மாணவருக்கு அந்த வசதி கிடையாது. அப்பாச்சியின் வாக்கு விதியும் அவரைக் கட்டாது. அவருக்கு இருவர் போதும், ஆனால் இருவரும் ஒரே வகையினராக இருக்கக் கூடாது. ஒருவருக்கு நிரலும் உரிமமும் தெரிந்திருக்க வேண்டும். அச்சு அகராதியிலிருந்து எடுத்த சொற்பட்டியலை அப்படியே வெளியிட்டால் காப்புரிமைச் சிக்கல் வரும் என்று தொடக்கத்திலேயே எச்சரிப்பவர் அவர். மற்றவருக்குத் தமிழ் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதை நிரலர் ஊகித்து எழுதினால், திருத்தியே பிழையைப் புகுத்தும். பங்களிப்பாளர்கள் பெருகி, ஒருவர் அனுப்பும் மாற்றத்தைப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும்போது மூன்றாமவரைத் தேடலாம். அவரை வெளியிலிருந்து அழைப்பதைவிட, அதுவரை திருத்தங்கள் அனுப்பிவந்தவர்களில் பொறுமையாகப் பிறருக்கு விளக்கம் சொல்பவரையே கேட்பது நல்லது.