பழைய பிக்கப் வண்டிக்கு ஏ.சி.

புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்தும் முன், எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா என்று பார்ப்போம் அல்லவா? அமெரிக்காவின் பழைய பிக்கப் வண்டியில் ஏ.சி. பொருத்துவோரும் இதையே செய்ய வேண்டும்.

1953இல் வந்த ஃபோர்டு எஃப்-100 வண்டியில் 6 வோல்ட் மின்சாரம்தான். 1956 மாடலில்தான் 12 வோல்ட் வந்தது. ஏ.சி. கிட்டுகளோ பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குபவை. எனவே முதலில் வயரிங்கை மாற்றி, ஆல்டர்னேட்டர் பொருத்த வேண்டும்.

அடுத்தது ரேடியேட்டர். அதன் முன்னால் கண்டென்சர் அமர்வதால், சூடான காற்றே உள்ளே வரும். சிறிய ரேடியேட்டர் என்றால் என்ஜின் கொதித்து, வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

ஹீட்டருக்குச் செலவு குறைவு. என்ஜினின் சுடுநீரே கேபினைச் சூடாக்குகிறது. சூடு போதாவிட்டால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியுள்ளதா, ஹீட்டர் குழாய்களில் அழுக்கு அடைத்துள்ளதா என்று பாருங்கள். கதவு ரப்பரையும் மாற்றுங்கள், ஏ.சி.க்கும் அது உதவும்.