தென்முனை வானம் – 6: மன்னர் காலத்து ஓடுதளமும் ஆக்குளம் தலைமையகமும்

இந்திய விமானப்படையின் தெற்குக் கட்டளையகம் திருவனந்தபுரத்தை அடுத்த ஆக்குளத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் ‘சதர்ன் ஏர் கமாண்ட்’ என்பார்கள். விமானப்படைக்கு மொத்தம் ஏழு கட்டளையகங்கள். பெங்களூரில் இருப்பது பயிற்சிக்கு, நாக்பூரில் இருப்பது பராமரிப்புக்கு. மற்ற ஐந்தும் நேரடிப் படைப் பணிக்கானவை. அந்த ஐந்தில் கடைசியாக, 1984 ஜூலை 19 அன்று, உருவானது தெற்குக் கட்டளையகம். தீபகற்பத்தின் தென்பகுதி, அதைச் சூழ்ந்த கடல், லட்சத்தீவு வரை அதன் பார்வை நீள்கிறது.

கேரள எல்லையில் பாறசாலை, காரோடு, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும். நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பாறசாலை இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே, களியக்காவிளையை ஒட்டி இருக்கிறது. எல்லையில் காரோட்டில் தொடங்கும் புறவழிச்சாலை முக்கோலை, கோவளம், சாக்கை வழியாகக் கழக்கூட்டம் போகிறது. விமான நிலையம், ஆக்குளம் இரண்டுமே அந்தச் சாலையின் ஓரத்தில்தான். ஆனால் இந்தக் கிராமத்து இளைஞன் விமானப்படையில் சேர்ந்தால் முதலில் போவது ஆக்குளத்துக்கு இல்லை. கொச்சி காக்கநாட்டில் ஆள்சேர்ப்பு, கர்நாடகத்தின் பெலகாவியில் அடிப்படைப் பயிற்சி, அதற்குப் பின் தொழிற்பிரிவுப் பயிற்சி, பிறகு வடக்கிலோ கிழக்கிலோ முதல் போஸ்டிங். சொந்த ஊருக்குப் பக்கத்தில் இடம் கிடைப்பது பல வருடச் சேவைக்குப் பிறகு வரும் அதிர்ஷ்டம்.

போஸ்டிங் உத்தரவு வந்தால் ஒரு குடும்பம் இடம்பெயர்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பழைய தளத்தில் நூலகம், கேன்டீன், மருத்துவமனை, பொருள் கிடங்கு என்று ஒவ்வொரு பிரிவிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். பெயரும் படை எண்ணும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டிகள் லாரியில் ஏறும். புதிய தளத்தில் வந்துசேர்ந்ததைப் பதிவு செய்தவுடன் குவார்ட்டர்ஸ் வரிசையில் பெயர் ஏறும். வரிசை நகரும் வரை வெளியே வாடகை வீடு. பிள்ளைகளுக்குக் கேந்திரிய வித்யாலயாவில் இடம் கிடைப்பது ஓரளவு உறுதி. அடிக்கடி மாற்றலாகும் அரசு ஊழியர் குடும்பங்களுக்கென்றே ஏற்பட்ட பள்ளிகள் அவை. ஆக்குளத்திலும் ஒன்று உண்டு. எல்லைக் கிராமத்துக் குடும்பத்துக்கு இங்கே ஒரு வசதி: கேட்டுக்கு வெளியே மீன் வாங்க மலையாளம், வீட்டுக்குள் தமிழ், கேட்டுக்கு உள்ளே இந்தி. மூன்றுக்கும் நாக்கு ஏற்கெனவே பழகியிருக்கும்.

தளத்துக்குப் புதிதாக வருபவர் அடுத்து அறிந்துகொள்ளும் விஷயம், இங்குள்ள விமானத் திடலுக்கும் படைக்கும் ஒரே வயது என்பது. இந்திய விமானப்படை சட்டப்படி பிறந்த நாள் 1932 அக்டோபர் 8. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 15 அன்று, ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டினார். அதே 1932-ல்தான் திருவனந்தபுரத்தின் விமானத் திடலும் தோன்றியது. முன்கை எடுத்தவர் கோதவர்ம ராஜா. பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் பிறந்து திருவிதாங்கூர் இளவரசி கார்த்திகைத் திருநாள் லட்சுமி பாயை மணந்தவர். விளையாட்டு, சுற்றுலா, விமானம் மூன்றிலும் அவருக்குத் தீராத ஆர்வம். கோவளத்தை உலகப் பயணிகளின் வரைபடத்தில் ஏற்றியவர் என்று கேரளம் இன்றும் அவரைச் சொல்கிறது. 1971-ல் இமயமலையின் குலு பள்ளத்தாக்கில் நடந்த ஒரு விமான விபத்தில் இறந்தார்.

1935-ல் டாடா நிறுவனத்தின் விமானம் சங்குமுகம் கடற்கரைத் திடலில் வந்து இறங்கியது. ‘ஃபாக்ஸ் மாத்’ எனும் சிறிய ஒற்றை எஞ்சின் இரட்டைச் சிறகு விமானம். ஓட்டியவர் நெவில் வின்சென்ட். டாடாவிடம் விமானத் தொழில் தொடங்கும் யோசனையைக் கொண்டுபோனவரே அவர்தான். மகாராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மாவுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தும் அந்த விமானத்தில் வந்தது. நவம்பர் 1 அன்று, திருவிதாங்கூர் அஞ்சல் துறையின் கடிதப் பைகளுடன் முதல் விமானம் பம்பாய்க்குப் புறப்பட்டது. அன்றைக்குப் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எல்லைக் கல் கிடையாது. தக்கலை, நாகர்கோவில் மக்களுக்கும் அது சொந்த அரசின் விமானத் திடல்தான். சரியாக இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. மாநிலம் பிரிந்தும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அருகிலுள்ள விமான நிலையம் இன்றும் திருவனந்தபுரம்தான்.

இந்த ஓடுதளத்துக்கு வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனி உற்சவங்கள் முடியும் நாளில் சுவாமி ஆராட்டு எனும் நீராடலுக்காகச் சங்குமுகம் கடலுக்குப் போவார். விமானத் திடல் அமைவதற்கு வெகுகாலம் முந்தைய பாதை அது. எனவே ஆண்டுக்கு இருமுறை, ஏறத்தாழ ஐந்து மணி நேரம், விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும். உருவிய வாளுடன் அரச குடும்பத்தின் தலைவர் நடந்துவர, யானையும் வாத்தியமும் தொடர, ஊர்வலம் ஓடுதளத்தைக் குறுக்கே கடக்கிறது. 1991-ல் பன்னாட்டு விமான நிலையம் என்ற தகுதி வந்தபோதும், 2021 அக்டோபரில் நிர்வாகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனபோதும் இந்த வழக்கம் நிற்கவில்லை. வட இந்தியாவிலிருந்து மாற்றலாகி வரும் விமானப்படைக் குடும்பம் இதைக் கேட்டால் முதலில் நம்பாது. அடுத்த ஆராட்டன்று சாலையோரம் நின்று பார்த்து நம்பும்.

இனி, விமானப்படை ஏன் இங்கே வந்தது என்ற கேள்வி. விடுதலைக்குப் பிறகு பல ஆண்டுகள் அதன் கவனம் பாகிஸ்தான், சீன எல்லைகளில் குவிந்திருந்தது. 1962, 1965, 1971 போர்களில் தென்முனை முன்னணிக் களமாக இருந்ததில்லை. எழுபதுகளின் இறுதிக்குள் நிலைமை மாறியது. இந்தியப் பெருங்கடலின் நடுவே தியாகோ கார்சியா தீவில் அமெரிக்கத் தளம் வளர்ந்தது. சோவியத் கப்பல்களும் அதே கடலில் உலவின. எண்ணெய்க் கப்பல்கள் போகும் வழி குமரிக்குத் தெற்கே இருக்கிறது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது. அடுத்த ஆண்டு தெற்குக் கட்டளையகம் வந்தது. அதற்கு மூன்று வயது நிரம்புமுன், 1987 ஜூன் 4 அன்று, பெங்களூரிலிருந்து புறப்பட்ட ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொதிகளைப் போட்டன. ‘பூமாலை’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கட்டளையகம் புதியது, அதன் கீழ் வந்த தளங்கள் பழையவை. கோவைக்கு அருகிலுள்ள சூலூரை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் வான்பிரிவு அங்கே தங்கியிருந்தது. ஜப்பானை எதிர்த்துப் போரிட்ட கப்பல்களின் விமானங்களுக்கு உள்நாட்டில் பத்திரமான ஒரு பட்டறை தேவைப்பட்டது. 1961-ல் இந்தியக் கடற்படை அங்கேயே ‘ஹன்சா’ தளத்தைத் தொடங்கியது. விக்ராந்த் கப்பலுக்கான ‘சீ ஹாக்’ விமானங்கள் சூலூரில்தான் இருந்தன. கோவா இந்தியாவோடு இணைந்த பின், 1964-ல் ஹன்சா டபோலிம் போனது. பின்னாளில் விமானப்படையின் தேஜஸ் அணிகள் இரண்டுக்குச் சூலூர் இடம் தந்தது. 45-ஆம் அணி 2016-ல் பெங்களூரில் தொடங்கி 2018-ல் இங்கே வந்தது. 18-ஆம் அணி 2020 மே 27 அன்று இங்கேயே புத்துயிர் பெற்றது. ஒரே மண்ணில் மூன்று படைகள் மாறி மாறிக் குடியிருந்திருக்கின்றன. அதனால் சூலூருக்கு ஒரே வரலாற்று நூலைத் தேடினால் கிடைக்காது. லண்டனிலும் கோவாவிலும் சூலூரிலுமாக அது சிதறிக் கிடக்கிறது.

அணிகளின் வரலாறு மட்டும் ஒழுங்காக எழுதப்படுகிறது. ஒவ்வொரு அணியும் தன் செயல்பாட்டுப் பதிவேட்டை மாதந்தோறும் எழுதிவர வேண்டும் என்பது பிரிட்டிஷ் விமானப்படையிலிருந்து வந்த நடைமுறை. யார் பறந்தார், என்ன வேலை, என்ன கோளாறு, எந்த விருந்தினர் வந்தார் என்பதெல்லாம் அதில் ஏறும். ஆனால் அணி இடம் மாறினால் பதிவேடும் கூடவே போய்விடும். தளத்தின் கதையை அங்கே நெடுங்காலம் வேலை பார்த்த சிவிலியன் ஊழியர்களும், ஓய்வுபெற்று வேலிக்கு வெளியே வீடு கட்டியவர்களும்தான் வைத்திருக்கிறார்கள். பொதுமக்களுக்கு ஆக்குளத்தில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. தளத்தின் கதையைக் கேட்கலாம், தளத்தைப் படம் எடுக்கவோ வரைபடம் போடவோ கூடாது. 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

எல்லைக் கிராமங்கள் இந்தத் தலைமையகத்தின் வேலையைக் கிட்டத்தில் பார்த்தது போரில் இல்லை, புயலில். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி முனையைச் சுழற்றியபோது நெய்யாற்றின்கரை வட்டத்தின் பொழியூரிலிருந்தும், எல்லைக்கு அப்பால் தூத்தூர், சின்னத்துறைப் பகுதிகளிலிருந்தும் மீன்பிடிக்கப் போனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். கடற்படை, கடலோரக் காவல்படையோடு விமானப்படையும் தேடியது. எச்சரிக்கையும் உதவியும் நேரத்துக்கு வரவில்லை என்ற கோபம் கரையெங்கும் எழுந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது விமானப்படை ‘கருணா’ என்ற பெயரில் மீட்புப் பணியை நடத்தியது. மொட்டை மாடிகளிலிருந்து ஹெலிகாப்டர்கள் ஆட்களைத் தூக்கின. ஹெலிகாப்டர் தாழ முடியாத சந்துகளில் மக்களை மீட்டவர்கள், அதே திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்து லாரிகளில் படகு ஏற்றிப் போன மீனவர்கள்.

தளத்து வாழ்க்கையின் ஆபத்து எப்போதும் எதிரியிடமிருந்து வருவதில்லை என்பதை நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் காட்டியது. கடலோரத்தில் ஓடுதளம், அதன் பக்கத்திலேயே குடியிருப்பு. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை அந்தக் குடியிருப்பை வாரிச் சென்றது. விமானப்படையினரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாற்றல் உத்தரவின் பேரில் கணவரோடு தீவுக்குப் போன பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். சேதமான ஓடுதளத்தில் எஞ்சிய நீளத்திலேயே நிவாரண விமானங்கள் இறங்கின.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று திருவனந்தபுரம் ஓடுதளத்தை உலகச் செய்தியாக்கியது. 2025 ஜூன் 14 இரவு, ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ கப்பலிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் எஃப்-35 பி போர் விமானம் எரிபொருள் குறைந்து திருவனந்தபுரத்தில் இறங்கியது. விமானப்படையின் வான்காவல் வலையம் அதை அடையாளம் கண்டு இறங்க அனுமதி தந்தது. பிறகு ஹைட்ராலிக் கோளாறு தெரியவர, விமானம் வாரக்கணக்கில் மழையில் நின்றது. கேரளச் சுற்றுலாத் துறை அதை வைத்து ஒரு விளம்பரமே போட்டது. பிரிட்டனிலிருந்து பொறியாளர் குழு வந்து சரிசெய்த பின் ஜூலை 22 அன்று பறந்து போனது.

விமான நிலையத்தை ஒட்டிய சாக்கையில், 2007 வரை கேரள அரசின் ‘கெல்டெக்’ ஆலையாக இருந்த வளாகத்தில், இப்போது பிரம்மோஸ் ஏவுகணைக்கான பாகங்கள் தயாராகின்றன. அந்த ஏவுகணையைச் சுமக்கும் சுகோய்-30 விமானங்களின் 222-ஆம் அணி 2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூரில் அமர்த்தப்பட்டது. அங்கே இருப்பது பிரிட்டிஷார் 1940-ல் போட்ட ஓடுதளம். அதன் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)